சந்தனப் பொட்டு வைத்த குதிரைப்படை

ஜூன் 3, திங்கள்

பத்தாவது ரிசல்ட் வந்தாயிற்று, ஜூனியர் காலேஜ் (இங்கே ப்ளஸ் ஒன் அங்கேதான்) இன்னும் திறக்கவில்லை. மாட்டுங்காவிலேயே வேலைவெட்டி இல்லாத ஒரே ஆள் நான்தான். அதனால் டைரி. அதுவும் தமிழில். தம்பி ஷ்ரவண் எதைக் கண்டாலும் நோண்டுவான், ஆனால் அவனுக்குத் தமிழ் படிக்க வராது. அம்மாவுக்கும் பேச்சோடு சரி. எனக்கு அ, ஆ சொல்லித்தந்த அப்பா படிப்பார்தான். ஆனால் அவர் பிறர் பொருளைத் தொடமாட்டார், ஜென்டில்மேன். இதைவிட நல்ல பூட்டு ஏது?

எங்கள் பில்டிங்கில் மூன்று மாடி, மாடிக்கு மூன்று வீடு. படிக்கட்டடியில் பிள்ளையார் படம், அதன் பக்கத்தில் பழைய வீட்டுக்காரர் விட்டுப்போன ஒரு போட்டோ: வெள்ளைக்காரக் குதிரைப்படை ஆபீசர்கள் ஒன்பது பேர். மூன்று பேர் நாற்காலியில், பின்னால் மூன்று பேர் நின்றபடி, அதற்கும் பின்னால் மூன்று பேர் குதிரைமேல். அந்த மீசைகளுக்கே தனி வாடகை வாங்கலாம். முதல் மாடி அகிலாண்டம் மாமி வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளையாருக்குப் பொட்டு வைத்த கையோடு, கண்ணாடிமேல் இந்த ஒன்பது நெற்றிக்கும் சந்தனம் வைத்துவிடுவாள்.

"மாமி, இவாள்லாம் யாரு?"

"யாரா இருந்தா என்னடி? பிள்ளையார் பக்கத்துல நிக்கறா. வெறும் நெத்தியோட விடலாமா?"

ஜூன் 7, வெள்ளி

ஒன்பது வீடு, ஒன்பது ஆபீசர். நாற்காலி வரிசை முதல் மாடி, நிற்கிற வரிசை இரண்டாம் மாடி, குதிரை வரிசை மூன்றாம் மாடி. பில்டிங்குக்கே குரூப் போட்டோ!

படத்தை ஸ்கேன் செய்து, வீட்டு லேப்டாப்பில் நடுவரிசை நடு ஆளை அழித்தேன். அது எங்கள் வீடுதான், யாருக்கும் நஷ்டமில்லை. ஜெராக்ஸ் கடையில் பழுப்பு நிறத்தில் பிரிண்ட் எடுத்து ஃபிரேமில் மாட்டியாகிவிட்டது. அசல் என் அட்லஸுக்குள். கண்ணாடியில் மாமி வைத்த பொட்டு மட்டும், முகமில்லாமல், காற்றில் நிற்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

மாமி போட்ட கூச்சலில் மாஹிம் வரை புறா பறந்திருக்கும். எல்லோரும் கூடிவிட்டார்கள். மூன்றாம் மாடி மகாதேவன் மாமா (டிராம்பே அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து ரிடையரானவர், தனி ஆள்) மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஈரத்துல போட்டோ மங்கும். இதுக்குப் போய் ஊரைக் கூட்டறேளே" என்று படியேறிவிட்டார். அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

கூட்டத்தைப் பார்த்து பில்டரின் ஆள் பஞ்சுவும் வந்துவிட்டார். பில்டிங்கை இடித்துப் புதிதாகக் கட்ட ஒன்பது வீடும் சம்மதம் எழுதித் தரவேண்டுமாம், இல்லையென்றால் பில்டர் போய்விடுவாராம். இதுவரை ஐந்துதான். "கையெழுத்துப் போட்டா தலையெழுத்து மாறும், மாமி. லிஃப்ட் வரும்!" அப்பாதான் பில்டிங் சொசைட்டி செக்ரட்டரி. லிஃப்ட் என்று கேட்டாலே அவர் முகத்தில் லைட் எரியும்.

மகாதேவன் மாமா மேலிருந்தே கத்தினார்: "கட்டி முடிக்க நாலு வருஷம். அதுவரைக்கும் யாராத்துலயோ கெடந்து சாகறதா? நான் இங்கேர்ந்துதான் போவேன்."

ஜூன் 15, சனி

நேற்று நாற்காலி வரிசையில் இடது ஓரத்தை அழித்தேன். அது மாமியின் வீடு. சும்மா சீண்டத்தான். மாமி வரிசைகளையும் மாடிகளையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "இது என் கதவுடி" என்றாள், மெதுவாக. இன்று காலை, "வீடே போகச் சொல்றதுடி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன்?

அடுத்தது மகாதேவன் மாமா என்று திட்டம் வைத்திருந்தேன். அவருக்கு மட்டும் ஆளை எடுத்துவிட்டுக் குதிரையை விட்டுவைப்பது. காலிச் சேணத்தோடு நிற்கும் குதிரை. நல்ல ஐடியா, ஆனால் செய்யமாட்டேன். போதும். திங்கட்கிழமை அசலை மாட்டிவிடுகிறேன்.

ஜூன் 17, திங்கள்

மாட்டவில்லை. வாசலில் எப்போதும் யாராவது நிற்கிறார்கள்.

ஜூன் 22, சனி

நான் இல்லை.

நாற்காலி வரிசையில் வலது ஓரம் காலி. நான் தொடவே இல்லை! அழித்த இடம் கட்டைவிரலால் தேய்த்தது மாதிரி இருக்கு. நான் இவ்வளவு மோசமா அழிக்கமாட்டேன். அந்த வீட்டு வந்தனா ஆன்ட்டி, "பேபி இருக்கிற வீடு, ரிஸ்க் வேணாம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள். அட்லஸைத் திறந்து பார்த்தேன். அசல் இருக்கிறது.

அப்போ யார்?

ஜூன் 29, சனி

இன்னொருவர் போய்விட்டார், குதிரையோடு. மூன்றாம் மாடி வலது வீடு கேஷவ் அங்கிள். அவரும் போட்டுவிட்டார்.

கையெழுத்துப் போடாதவர்களைத்தான் தேடித்தேடி எடுக்கிறது. மீதி ஒரே ஒருவர்.

ஜூலை 5, வெள்ளி

மேல்வரிசை நடுவில் ஆள் இல்லை. குதிரை இருக்கு. சேணம் காலி.

நான் இதை யாரிடமும் சொன்னதே இல்லை. சொன்னதே இல்லை. எழுதினேன், அவ்வளவுதான்.

ஜூலை 6, சனி

மகாதேவன் மாமா காலையில் பிளாஸ்டிக் ஸ்டூலோடு கீழே வந்தாராம். "காகிதம் மாமி, வெறும் காகிதம். கழட்டிக் காட்டறேன் பாருங்கோ" என்று ஏறியிருக்கிறார். மழைத்தண்ணீர் நின்ற தரை. நான் சத்தம் கேட்டு ஓடியபோது ஃபிரேம் உடைந்து, அவர் ஒருக்களித்துக் கிடந்தார். என்னைப் பார்த்து, "பாத்தியா, காகிதம்தான்" என்றார்.

இடுப்பெலும்பு.

ஜூலை 11, வியாழன்

ஆபரேஷன் ஆயிற்று. இனி மூன்று மாடி ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் பத்மஜா தாணேக்குக் கூட்டிப்போகிறாள். மாமா படுத்தபடியே கையெழுத்துப் போட்டார். அப்பாதான் ஃபாரம் கொண்டுபோனார், ஆரஞ்சுப் பழத்தோடு.

ஜூலை 12, வெள்ளி

குறித்து வைக்கிறேன்: அசல் போட்டோவை அட்லஸிலிருந்து எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, அரிசி டின்னின் அடியில் புதைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் காட்டி, நடந்ததைச் சொல்லப்போகிறேன்.

ஜூலை 13, சனி

அரிசி டின்னில் நான் எதையும் புதைக்கவில்லை.

காலையில் அம்மா, "யாருடா டின்னைக் கிளறினது? தரையெல்லாம் அரிசி!" என்று ஷ்ரவணைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவன் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. அப்பா பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தலை தூக்கவில்லை. வாட்ச் ஸ்ட்ராப்பில் ஓர் அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது.

காபியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

செம்பூர் வாடகை வீடு. ஏழாவது மாடி, லிஃப்ட் இருக்கிறது. அப்பா படியில் ஏறுகிறார், எக்சர்சைஸாம்.

இன்று தாணேக்குப் போனேன். மகாதேவன் மாமா ஜன்னல் இல்லாத பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தார். அசலை அவர் கையில் கொடுத்தேன். ஒன்பது பேரையும் விரலால் தொட்டு எண்ணினார்.

"எல்லாம் நான்தான் பண்ணினேன், மாமா" என்றேன். "எல்லாமே."

"குதிரையை மட்டும் ஏன்டி விட்டுவெச்சே?" என்றார்.

போட்டோவை அவர் தலைமாட்டில் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன்.

பதில் தெரிந்தவர் இதைப் படிப்பார். டைரி வழக்கமான இடத்தில்தான் இருக்கிறது.