லக்சனுக்கு ரெண்டு நாள், எனக்கு மூண்டு நாள்

சீசா, பலேர்மோ, இத்தாலி
கார்த்திகை 20

அன்புள்ள மகள் கிருசாந்தினிக்கு,

இஞ்சை நானும் அப்பாவும் நல்ல சுகம், கனடாவின்ரை அந்த வடக்குக் குளிருக்கை நீயும் வயித்துப் பிள்ளையும் சுகமாய் இருக்கவேணுமெண்டு நல்லூரானைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறன். போனிலை கதைச்சா நீ என்னை முழுசாச் சொல்ல விடமாட்டாய், அதாலை கடுதாசியிலை எழுதிப் படம் பிடிச்சு அனுப்புறன், கடைசி வரை வாசி. அப்பா ஸ்ஃபெர்ராகவால்லோச் சாப்பாட்டுக்கடை வேலைக்கு முழங்கால் நோவெண்டு புறுபுறுத்துக்கொண்டு வழமைபோலைப் போறார்.

சரி, விசயத்துக்கு வாறன். நீ போனிலை, ‘பிள்ளைப்பேத்துக்கு அம்மா வரவேண்டாம், லக்சன் படிப்பிக்கிற ஊர் நான் நேர்ஸ் வேலை செய்யிற ஊரிலையிருந்து ஆகாயத்திலை முந்நூறு கிலோமீற்றர்தான், வலி வந்தோடனை ஒரு மணித்தியாலத்திலை வந்திடுவார்’ எண்டு சொன்னாய். நானும் விசரி மாதிரி நம்பி, யாழ்ப்பாணம் கொழும்புத் தூரம்தான், மருமகன் காலமை வெளிக்கிட்டா மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கை நிப்பார் எண்டு கோயிலிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். ரிக்கற் போடுற சுஜீவன் கேட்டுச் சிரிச்சான், கொம்பியூட்டரைத் திருப்பிக் காட்டினான். ரெண்டு ஊருக்கும் நடுவிலை றோட்டும் இல்லை, நேர் பிளேனும் இல்லை. லக்சன் முதல் தெற்கை பெரிய ஊருக்கு இறங்கி, அங்கை இரவு தங்கி, அடுத்த பிளேனிலை உன்னட்டை ஏறவேணும். அதுவும் கிழமைக்கு மூண்டு தரம்தான், காத்தடிச்சா அதுவும் இல்லை. பறவைக்குத்தான் முந்நூறு கிலோமீற்றர், உன்ரை புருசனுக்கு ரெண்டு நாள். அப்ப பலேர்மோவிலையிருந்து எனக்கு எவ்வளவு எண்டு கேட்டன். மூண்டு நாளாம். இந்த ஒரு நாள் வித்தியாசத்துக்கோ பிள்ளை என்னை வரவேண்டாம் எண்டனீ?

நீ பிறக்கேக்கை என்ரை அம்மா வன்னியிலை, நான் யாழ்ப்பாணத்திலை, சண்டையாலை பாதையெல்லாம் பூட்டு. வரவேண்டாம், நான் சமாளிப்பன் எண்டு நானே கடிதம் போட்டன். உன்னைப் பெத்து நாலாம் நாள் நானே எழும்பி அழுதழுது அரிசி கழுவினன். நான் எழுதினது பொய். நீ சொல்லுறதும் அதே பொய்தான், எனக்குத் தெரியாதோ.

சின்யோராவுக்கும் சொல்லிப்போட்டன். இருபது வருசமா அவவின்ரை வீடு துடைக்கிறன், நத்தார்ப் பண்டிகைக்கு ஆக்கள் வருகினம், இப்ப போகேலாது எண்டா. வீட்டுத் திறப்பை மேசையிலை வைச்சிட்டு வந்திட்டன். அப்பா தலையிலை கைவைச்சார், வைக்கட்டும். பத்தியத்துக்குச் சரக்குத்தூள் வறுத்து இடிச்சாச்சு. சின்னப் பிளேனிலை பாரம் பாப்பினமாம், என்ரை உடுப்பைக் குறைப்பனே ஒழியத் தூளைக் குறைக்கமாட்டன். முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழியும் வரை நீ அடுப்படிப் பக்கம் வரப்படாது.

சுகமாய்ப் பெத்துத் தாயும் பிள்ளையுமாய் நல்லா இருக்கவேணும் எண்டு உனக்கு என்ரை ஆசீர்வாதம், லக்சனுக்கும் சொல்லு. என்ரை கால் முப்பத்தேழு, பனிச் சப்பாத்து ஒண்டு எடுத்து வை, மறந்திடாதை. மார்கழி பத்தாம் திகதி வெளிக்கிடுறன். காத்தடிச்சுப் பிளேன் நிண்டா, நிண்ட ஊரிலை கதிரையிலை இருப்பன், திரும்பமாட்டன்.

இப்படிக்கு,
வரவேண்டாம் எண்டாலும் வாற உன் அம்மா
த. ஞானம்பிகை