அப்பால பேசிக்கலாம் என்றவனுக்கு

என் மாப்ளே ஜெரோமுக்கு,

நாளைக்குக் காலையில் கையெழுத்துப் போடப் போகிறேன். நம்ம கம்பெனியை விற்கிறேன். யாருக்கும் முன்னால் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. திட்டணும்னா திட்டிக்கோ. நீ திட்டி எவ்வளவு நாளாச்சு!

நம்ம குட்டிப் பெட்டியை முதன்முதலில் முதலீட்டாளர்களிடம் காட்டப் போன நாள் ஞாபகம் இருக்கா? பட்டறை மோட்டாரில் ஒட்டி வைத்தால், சூடு ஏறினதும் முதலாளியின் போன் அடிக்க வேண்டும். போனில் பேசும் குரலைப் பதிய ஆள் கிடைக்கவில்லை. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்று நீயே பேசினாய். "அண்ணாத்தே, மோட்டார் சூடா கீது. மொதல்ல நிறுத்து. அப்பால பேசிக்கலாம்." பின்னால் பஸ் ஹாரன் வேறு. பிறகு நல்ல குரலாக மாற்றிக்கொள்ளலாம் என்றோம். அதை மறந்தே போனோம்.

அந்த மறதிதான் நமக்குச் சோறு போட்டது. திருமழிசை லேத் பட்டறை மணி அண்ணன், நீ எங்கேயோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாய் என்று நம்பினார். "தோ நிறுத்திட்டேன்பா, கூவாதே" என்று போனில் பதில் வேறு சொல்லுவார். குரலை மாற்றலாமா என்று கேட்டதற்குச் சண்டைக்கே வந்துவிட்டார், மனுஷன்.

அப்புறம் காலம் மாறிய கதைதான் உனக்குத் தெரியுமே. "லாபமெல்லாம் அப்புறம், வேகமா வளருங்க" என்று தோளைத் தட்டியவர்கள், ஊரெங்கும் முதலீடு வற்றியதும் "லாபம் எங்கே?" என்று கேட்டார்கள். வேலைக்கு எடுத்த பிள்ளைகளில் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். புது முதலீட்டாளர்களைத் தேடி அலையாத இடமில்லை.

அந்தக் கடைசி நாளிலும் அப்படி ஒருவரைப் பார்க்கத்தான், நெஞ்சைத் தடவிக்கொண்டே பைக்கை எடுத்தாய். டாக்டரைப் பார்க்கலாம் வாடா என்றேன். "மீட்டிங்க முட்சிட்டு போலாம் மச்சான்" என்றாய். போரூர் தாண்டவில்லை. ஊரில் உள்ள மோட்டாரையெல்லாம் நிறுத்தச் சொன்னவனே, நீ ஏன்டா நிற்கவில்லை?

உன் அடக்கத்துக்கு வந்துபோன மறுவாரமே மணி அண்ணன் மோட்டார் சூடேறியிருக்கிறது. போனை எடுத்தால் உன் குரல். "செத்தும் உடமாட்றாம்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இப்போது வாங்குகிறவர்கள் பெரிய கம்பெனி. நம்ம பிள்ளைகள் எல்லோருக்கும் வேலை உறுதி. உன் பிடிவாதம் ஜெயித்துவிட்டது, போ. ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே குரல்தான் வேண்டுமாம், கம்ப்யூட்டர் பேசும் குரல். தமிழுக்கு மட்டுமாவது உன் குரலை விட்டுவையுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். "ஃபீலிங்ஸ் புரியுது சார், ஆனா முடியாது" என்று அவர்கள் தரப்பில் பேசிய பெண் பதமாகத்தான் சொன்னாள். பிள்ளைகளின் முகத்தை நினைத்துக்கொண்டு சரி என்றேன்.

இதை என் தங்கச்சி பிலோமியிடம் எப்படிச் சொல்வேன் என்று தவித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஐயப்பன்தாங்கலில் உன் வீட்டுத் தண்ணீர் மோட்டாரில் அவள் போன் அடிக்கிற மாதிரி விளையாட்டாக ஒரு பெட்டியை ஒட்டினாயே, அந்த மோட்டார் ஞாயிறுதோறும் சூடேறுவதாக ஆபீஸ் கணினி காட்டியது. மோட்டார் கெட்டுவிட்டது என்று நினைத்து, போன ஞாயிறு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனேன்.

மொட்டை மாடித் தொட்டி நிறைந்து தண்ணீர் தெருவரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. என் தங்கச்சி, சர்ச் பூசைக்குப் போய்வந்த சேலையோடு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள். மோட்டார் ஓடுது, அவள் நிறுத்தவில்லை. காதில் போன். நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டித் தடுத்தாள்.

"இருண்ணா, அவரு பேசினு கீறாரு."

மெக்கானிக்கை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டேன். வழியெல்லாம் அழுதேன்டா. மெட்ரோவுக்குப் போட்ட தடுப்பு ஓரமாக வண்டியை நிறுத்தி, வெட்கம் பார்க்காமல் அழுதேன்.

மறுநாள் வக்கீலிடம் சொல்லி ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். ஐயப்பன்தாங்கல் வீட்டுப் பெட்டி ஒன்றும் அதில் இருக்கும் குரலும் விற்பனைக்கு இல்லை. எதற்கு என்று அவர்கள் கேட்டார்கள். குடும்ப விஷயம் என்றேன். ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் முதல் மணி அண்ணனை வேறு யாரோ கூப்பிடுவார்கள். அவரிடம் நான் நேரில் போய்ச் சொல்லிக்கொள்கிறேன். பிலோமியிடம் எதையும் சொல்லப் போவதில்லை. தண்ணீர் வழிந்தால் வழியட்டும். மோட்டார் எரிந்தால் நான் வேறு வாங்கி மாட்டுகிறேன். நான் இருக்கும்வரை அந்தப் பெட்டியை அணையவிட மாட்டேன், இது சத்தியம். ஞாயிற்றுக்கிழமையில் நீ மட்டும் அவளைக் கூப்பிடுவதை நிறுத்திவிடாதே, மாப்ளே.

இப்படிக்கு,
உன் பிலோமியின் அண்ணன்,
உன் மச்சான் அருள்