அணில் கடித்த பழம்

ஜூன் 14, சனி இரவு.

ராஜா அண்ணாமலைபுரத்துத் தெருவோர மரத்தில் பெயர் தெரியாத மஞ்சள் பழம். மூவுலகக் கனிகளுக்கும் சக்கரவர்த்தியான நான், "தேனே தோத்துடும், தின்னு" என்றேன். அக்கா மகள் சுதா அசையவில்லை.

"அணில் கடிச்சதா குடு மாமா, அதுலதான் விஷமிருக்காது."

மரத்தின் பின்னால் போய் நானே மூன்றைக் கொறித்துத் துப்பிவிட்டு, "இதோ, அணில் கடிச்சது!" என்று நீட்டினேன். நம்பி மூன்றையும் தின்றாள்.

சாயங்காலத்திலிருந்து சுதாவுக்கு அடையாறே பெருக்கெடுத்தது போல வாந்தி. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் அக்கா விடவில்லை.

"அணில் தின்ன பழம்டா, ஒண்ணும் ஆகாது. சும்மா இரு."

அந்த அணில் நான்தான் என்று சொன்னால் அக்கா என் தோலை உரித்துவிடுவாள். அதைத் தள்ளிப்போடத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சுதா மறுபடி எழுந்து ஓடுகிறாள். போய்ச் சொல்லிவிடுகிறேன்.