பனிமாறனின் இடது முட்டி

18-2-2024, ஞாயிறு

கடைக்கு லீவு. துணியை ஊறவைத்துவிட்டு உட்கார்ந்தால் ஜீவானந்தம் சார் போன். கோபுரவாசல் சினிமாக் கம்பெனியின் மேனேஜர். "அமுதவல்லி, இனிமே ஆழிமதிக்காரங்களுக்கு ஒரு பட்டன்கூடத் தைக்காதீங்க" என்றார். அவர்கள் ஹீரோ பனிமாறனின் உடுப்பில் பட்டனே கிடையாது. ஏழு வருஷமாகப் பார்க்கிற மனுஷனுக்கு அதுகூடத் தெரியவில்லை.

சண்டை முற்றிவிட்டது போல. பனிமாறனை முதலில் படமாக எடுத்தது கோபுரவாசல். நடுவில் கை நொடித்துப்போய் பாதி உரிமையை எதிர்க்கம்பெனியான ஆழிமதிக்கு விற்றார்கள். அன்றிலிருந்து ஒரு ஹீரோவுக்கு இரண்டு வீடு. தனியாகப் பறந்தால் கோபுரவாசல் படம், மற்ற ஹீரோக்களோடு சேர்ந்து பறந்தால் ஆழிமதி படம். யார் எடுத்தாலும் ஆள் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அதனால் உடுப்பு தைப்பது ஒரே இடம், ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் என் கடை. முகத்தைக் காட்டுவதற்குச் சென்னை நடிகர். முகமூடி போட்டுக் குதிப்பது என் வீட்டுக்காரர் வேடியப்பன்.

இதை இந்த நோட்டில் மட்டும்தான் எழுத முடியும். வெளியே மூச்சுவிடக்கூடாது என்று இரண்டு கம்பெனியும் கையெழுத்து வாங்கியிருக்கிறது. இவர் ஷூட்டிங்கில் கயிறு கட்டுகிற வேலைக்குப் போகிறார் என்றுதான் எங்கள் ஊர் கிளியூரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

21-2-2024, புதன்

எஸ்டேட்டில் மிளகு பறிப்பு. சோறு கொண்டுபோனேன். சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, உச்சியில் இருந்தார். இறங்கும்போது பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசிப் படியிலிருந்து இடது காலின் பெருவிரலை மட்டும் முதலில் சருகின் மேல் வைப்பார். கீழே குழியா, கல்லா என்று விரல் பார்த்துச் சொன்ன பிறகுதான் முட்டியை நன்றாக மடக்கி, உடம்பை இறக்குவார். இருபது வருஷமாக அப்படித்தான்.

முதல் படத்திலும் அப்படியே இறங்கிவிட்டார். டைரக்டர் திட்டப்போகிறார் என்று நான் பயந்தேன். அந்த மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். இப்போது தமிழ்நாடு முழுக்கப் பிள்ளைகள் பெஞ்சிலிருந்து பெருவிரல் வைத்துக் குதிக்கின்றன.

முட்டியில் இருக்கும் சாக்குத் துண்டும் அப்படி வந்ததுதான். மரப்பட்டையில் உரசி உடுப்பு கிழிந்தது. வேறு துணி இல்லை. காப்பிக்கொட்டை மூட்டையை வெட்டி ஒட்டுப் போட்டேன். அதுவே அடையாளமாகிவிட்டது.

எனக்கு இவர்மேல் எவ்வளவு பெருமை என்று இவரிடம் சொன்னதில்லை. சொன்னால் "செரி, ரசத்த ஊத்து" என்பார்.

3-3-2024, ஞாயிறு

ஆழிமதி கம்பெனியிலிருந்து தீபிகா வந்தாள். கையில் கோர்ட்டுப் பேப்பர். தீர்ப்பு வரும்வரை இரண்டு பேரும் படம் எடுக்கலாம், உடுப்பு மட்டும் என்னிடமே தைக்க வேண்டுமாம். ஆகக்கூடி ஜீவானந்தம் சார் பேச்சு செல்லாது.

"வேடியப்பன் அண்ணன் கோபுரவாசலுக்கு மட்டும்னு கையெழுத்துப் போட்டுட்டாராமே அக்கா. அதான் நாங்க வேற ஆள் பாத்துட்டோம்."

காரிலிருந்து அந்த வேற ஆள் இறங்கினார். பெயர் கார்த்திக். சென்னைக்காரர், ஸ்டண்ட் யூனியனில் கார்டு வைத்திருப்பவர், நாற்பது வயதிருக்கும். அளவெடுக்கக் குனிந்தபோது "முட்டியில மட்டும் கொஞ்சம் பாத்து வைங்கக்கா, பழைய அடி இருக்கு" என்றார். தன்மையான ஆள். அதனாலேயே இன்னும் எரிச்சலாக வந்தது.

11-3-2024, திங்கள்

ஜீவானந்தம் சார் மறுபடி போன். சிரிப்பு தாங்கவில்லை அவருக்கு. ஒத்திகையில் கார்த்திக் இரண்டு காலையும் ஒன்றாக ஊன்றிக் குதிக்கிறாராம். "படம் வரட்டும், ரசிகர்களே கிழிச்சுருவாங்க. அப்புறம் உரிமை மொத்தமும் நம்மகிட்ட. பனிமாறன்னா வேடியப்பன் மட்டும்தான்."

அவர் மட்டும்தான். அவர் மட்டும்தான். மிஷினை மிதிக்கும்போதெல்லாம் இதே ஓடுகிறது.

சாக்குத் துணி இழுத்தால் நீளாது. அதனால் இடது முட்டியில் உள்ளே இரண்டு விரல் தளர்வு விட்டு மடித்துத்தான் ஒட்டுப் போடுவேன். அது எனக்கும் இவருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். விடாவிட்டால் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. மடக்கும்போதுதான் பிடிக்கும்.

12-3-2024, செவ்வாய்

கார்த்திக் உடுப்பில் அதை விடவில்லை. அவ்வளவுதான்.

13-3-2024, புதன்

எழுதவே கை கூசுகிறது.

காலையில் இவர் கடைக்கு வந்தார். பொம்மையில் மாட்டியிருந்த உடுப்பைச் சும்மா தடவிப் பார்த்தார். இடது முட்டியில் கை நின்றுவிட்டது.

"அமுதா, இதுல ரெண்டு வெரலு விடலையே நீ."

"மறந்துட்டனுங்க."

"நீ மறக்கற ஆளா?"

இவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், தேவலையாக இருந்திருக்கும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஊசியால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். மிளகு பறித்துக் காய்த்துப்போன விரல், நூலைப் பிடிக்கவே சிரமப்பட்டது.

"உங்களுக்காகத்தானுங்க பண்ணுனேன்" என்றேன்.

"அறுபது அடியில இருந்து கவுத்துல வர்றவன். முட்டி மடங்கலைன்னா காலு போயிரும். அவன் ஊட்டுலயும் உன்னையாட்டம் ஒருத்தி உக்காந்திருப்பா." ஊசியை என்னிடம் நீட்டி, "நான் உள்ள இருந்தா எப்படித் தைப்பியோ, அப்படித் தையி" என்றார்.

தைத்தேன். கண் மறைத்ததால் இரண்டு முறை பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. ஒரு மனுஷன் கீழே விழுந்திருப்பானே! நானா இப்படி நினைத்தேன்? ஒரு நூல் பிசகினாலும் மொத்தத்தையும் பிரித்துத் தைக்கிறவள் நான்.

14-3-2024, வியாழன்

உடுப்பை வாங்க கார்த்திக்கே வந்தார். போட்டுப் பார்த்து, உட்கார்ந்து எழுந்து, "கையெடுத்துக் கும்பிடணும்க்கா, முட்டி வலிக்கவே இல்ல" என்றார். நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

இதோடு விட்டாரா என் வீட்டுக்காரர்? "நீங்க ரெண்டு காலையும் ஊணறீங்களாமா. ஏணியில ஏறியிருக்கீங்களா?" என்று கேட்டு, எஸ்டேட்டுக்கே கூட்டிப்போனார். நானும் பின்னாலேயே போனேன். பெருவிரல் ஏன் முதலில் போகிறது என்று சொல்லி, ஒரே ஒரு முறை இறங்கிக் காட்டினார். கார்த்திக் உடனே பிடித்துக்கொண்டார். கெட்டிக்காரர். பதிலுக்கு, கயிற்றில் தொங்கும்போது இடுப்பு நோகாமல் மூச்சை எப்படி விடுவது என்று இவருக்குச் சொன்னார். இரண்டு பேரும் மரத்தடியில் என் சோற்றைப் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். கம்பெனிகள் அங்கே கோர்ட்டில் மல்லுக்கு நிற்க, இங்கே இரண்டு பனிமாறனும் ஒரே தூக்குப்போசியில் கைவைத்துக்கொண்டு.

திரும்பி வரும்போது கேட்டேன், "இருந்த ஒரே பிடியையும் குடுத்துட்டீங்களே?"

"புள்ளைங்க பாக்கற படம் அமுதா. அது ஒழுங்கா எறங்கணுமில்ல."

16-5-2024, வியாழன்

சேர்வராயன் கோயில் திருவிழா. கடைகளில் பனிமாறன் முகமூடி தொங்குகிறது. ஒன்றை எடுத்து இவர் முகத்தில் வைத்துப் பார்த்தேன். "மூச்சு முட்டுது, நொம்பச் சின்னது" என்றார். சாமியிடம் அந்தப் பன்னிரண்டாம் தேதிக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

9-8-2024, வெள்ளி

கம்பெனிகள் சமாதானமாகிவிட்டன. கேஸ் வாபஸ். இனி எல்லாப் படமும் பாதிப்பாதியாம், பேப்பரில் இரண்டு முதலாளிகளும் கைகுலுக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

மாலையில் ஜீவானந்தம் சார் போன். உடுப்பு என்னிடமே இருக்கும். ஆனால் உள்ளே ஒரே ஆள்தான் இருக்க வேண்டும், அந்த ஆளுக்கு யூனியன் கார்டு இருந்தால்தான் இன்ஷூரன்ஸ். "கார்த்திக்குக்கும் இப்ப அந்த இறக்கம் அப்படியே அச்சா வருதே. தப்பா எடுத்துக்காதீங்க."

மார்ச்சில் கிழிச்சுருவாங்க என்று சிரித்த அதே குரல். போனை வைத்துவிட்டு வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். இவர் வாசலில் போய் உட்கார்ந்தார். சோறு வேண்டாம் என்றார். ஏழு வருஷம். வலிக்காதா? வலித்தது. அது எனக்குத் தெரியும்.

10-8-2024, சனி

கார்த்திக் போன் செய்தார். தனக்கு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாராம், கேட்கவில்லையாம். அழுகிற குரல். கடைசியில் இவர்தான் அவரைத் தேற்றினார். போனை வைத்ததும் "பசிக்குது" என்றார்.

16-1-2025, வியாழன்

காணும் பொங்கல். சேலம் போய், கார்த்திக் குதித்த படத்தைப் பார்த்தோம். இடைவேளைக்கு முன்னால், பனிமூட்டத்திலிருந்து பனிமாறன் இறங்குகிற இடம். தியேட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. பெருவிரல். அப்புறம் முட்டி, என் சாக்குத் துண்டு அழகாக மடங்கியது. அப்புறம்தான் உடம்பு. விசிலில் காது அடைத்துவிட்டது.

இவர் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார். "பாத்தியா, என்னமா எறங்கறான்" என்றார். பொறாமை இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. எனக்குத்தான் திரை தெரியாமல் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட ஆளோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், உப்புக் குறைவுக்கெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு.

22-2-2025, சனி

மறுபடி மிளகு. சோறு கொண்டுபோனேன். இவர் ஏணியிலிருந்து இறங்கினார். இடது பெருவிரல் சருகைத் தொட்டுப் பார்த்தது, முட்டி மடங்கியது. கூட வேலை செய்யும் பூவாயி கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். போன வாரம்தான் படம் பார்த்தாளாம்.

"ஏனுங்ணா, அந்தப் பனிமாறனாட்டமே எறங்கறீங்களே."

நான் தூக்குப்போசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"படத்தப் பாத்துப் பழகிக்கிட்டதுதாங்க பூவாயி" என்றார் இவர். கையைக் கழுவிவிட்டு என்னிடம் திரும்பி, "செரி, ரசத்த ஊத்து" என்றார்.

ஊற்றினேன்.