நுனி கிள்ளிய செண்டுமல்லி

பீர்மேடு,
ஜனவரி 19, திங்கள்

அன்பு மகள் லிஜிக்கு,

ஷீனாவின் பள்ளித் தோட்டத்தில் முப்பத்தெட்டு மொட்டு வந்திருக்கிறது. காலை பத்தரை மணிக்கு ஷிஜி டீச்சர் போனில் சொன்னார், மத்தியானம் நானே போய் எண்ணினேன், சரியாக இருந்தது. இதைச் சொல்லிவிட்டுத்தான் சுகம் விசாரிக்கத் தோன்றியது. நாங்கள் மூவரும் கர்த்தர் காவலில் இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் வலி குளிருக்கு ஏறி வெயிலுக்கு இறங்குகிறது, மஸ்கட்டில் நீயும் உன் ஆஸ்பத்திரி வார்டும் சுகந்தானே.

அன்று போன் பாதியில் அறுந்துபோனதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பிப்ரவரி மூன்றாம் தேதி உன் தங்கை ஷீனாவுக்குப் பதினெட்டு முடிகிறது, அதோடு அந்தச் சிறப்புப் பள்ளியில் அவள் இடமும் முடிகிறது. பெரிய பிள்ளைகளுக்கென்று ஒரு தோட்ட வகுப்பு தொடங்க டீச்சர் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதியிருந்தார், தோட்டத்தை நேரில் பார்த்துத்தான் அனுமதி என்று பதில் வந்தது. அதற்காகவே நவம்பரில் நான்கு பாத்தியில் செண்டுமல்லி நட்டார்கள், ஜனவரி பிறந்ததும் பூத்து நிற்கும் என்று கணக்கு. டிசம்பர் மூன்றாம் தேதி டீச்சர் ஒரு பிள்ளைக்கு மருந்து கொடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் ஷீனா நான்கு பாத்தியிலும் நடந்து நூற்றிருபது செடியின் நுனியையும் கிள்ளி, துப்பட்டாவில் மடி கட்டி நிரப்பிக்கொண்டு நின்றாள். சின்ன வயதிலிருந்து லீவு நாளெல்லாம் தேயிலைக் காட்டில் அம்மாவின் பின்னால் நின்றவள், செடி என்றால் அவள் கைக்கு அதுதான் வேலை. டீச்சர் அம்மாவைப் பள்ளிக்கு வரவழைத்து, எட்டு வருஷத்துல ஒரு பென்சில் முனையக்கூட ஒடிக்காத புள்ள இப்படிப் பண்ணிட்டாளேக்கா என்று பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாராம். அம்மா மடியைக் கிளறிப் பார்த்து, ரெண்டு இலை ஒரு கொழுந்து, ஒரு முத்தல் கிடையாது டீச்சர், என் கூடையில விழுந்திருந்தா கங்காணிக்குப் பேச வாயிருக்காது என்றாளாம். அழுகையிலேயே டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கவாத்து வெட்டுன செடி சும்மா கெடக்குமா, பக்கத்துல வெடிச்சு வரும், நாளாகும் அவ்வளவுதான் என்றும் அம்மா சொல்லியிருக்கிறாள்.

அந்த நாள்தான் நம்மிடம் இல்லை, மாவட்ட அலுவலகத்து மேடம் தோட்டம் பார்க்க வருவதாக இருந்தது ஜனவரி எட்டு. உன்னிடம் மறைக்க வேண்டாம், குமுளியில் பூத்த தொட்டிகள் வாங்கி அன்றைக்கு மட்டும் பாத்தியில் வைத்துவிடலாம் என்று நான் சொன்னேன். முப்பது வருஷம் பேப்பருக்கு எழுதுன ஆளு பேசுற பேச்சா இது, அந்தத் தொட்டிய மறுநா எடுத்துட்டுப் போகையில அவ மூஞ்சிய நீரு பாப்பீரா என்று அம்மா கேட்டாள். தொட்டி யோசனையை அதோடு விட்டுவிட்டேன்.

அந்த மாதம் முழுக்க மூன்று மணிக்கு நான்தான் அவளைக் கூட்டிவரப் போனேன். அந்நேரம் பள்ளத்திலிருந்து மஞ்சு பனிமூட்டமாக ஏறி வேலியைத் தாண்டி உள்ளே வரும், முதலில் பாத்தி மறையும், பிறகு பிள்ளைகள். டீச்சர் எல்லோரையும் கை விரித்து நிற்கச் சொல்வார். கண் தெரியாத வினோ ஒவ்வொரு செடியாக முகர்ந்து பேர் சொல்லிக்கொண்டு நிற்பான், சக்கர நாற்காலியில் ஜோபி மழை அளக்கும் பாட்டிலை மடியில் வைத்திருப்பான். முடியில் நீர் கோத்ததும், மழை எங்கேருந்து வருது என்று டீச்சர் கேட்பார், யாரும் வாயால் பதில் சொல்ல வேண்டியதில்லை, நாக்கை நீட்டினால் போதும். வெள்ளைக்குள் ஷீனாவின் கை மட்டும் எனக்குத் தெரியும், கிள்ளிய இடத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போகும். எனக்கே தூக்கத்தில் நடப்பதுபோல இருக்கும், பஸ் ஹாரன் கேட்டுத்தான் இந்தப் பக்கம் வருவோம்.

எட்டாம் தேதி மேடம் வந்தார், பூவெவிடே டீச்சரே என்று பூவைத் தேடிக்கொண்டே கேட்டார். ஷீனா போய் அந்த அம்மாளின் விரலைப் பிடித்து, கிள்ளிய நுனிக்குக் கீழே இரண்டு பக்கமும் பிரிந்து வந்த கிளையில் வைத்தாள், பிறகு அடுத்த செடியில், அதற்கடுத்த செடியில். ஒரு பாத்தி முடியும்வரை அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இது கேட்டுக்கு வெளியே நின்று நான் கண்டது. முப்பதாம் தேதி மறுபடி வருகிறேன், அதுவரை அறிக்கை எதுவும் எழுதமாட்டேன் என்று அவர் சொன்னது டீச்சர் சொல்லித் தெரியும்.

டூட்டி முடிந்து வெறும் டீயோடு படுக்காதே, நாலு வாய் சாப்பிடு. முப்பதாம் தேதி உனக்கு மணி ஒன்பதரை ஆகும்போது எங்களுக்காக ஒரு நிமிடம் ஜெபி, போன் பண்ணாதே, நானே கூப்பிடுவேன். கர்த்தருடைய கை உன் தலைமேல் இருக்கட்டும், அம்மாவின் முத்தம்.

மொட்டு இருபத்தெட்டாம் தேதி விரியும் என்கிறார் டீச்சர், முப்பத்தொன்று ஆகும் என்கிறாள் அம்மா. மேடம் வருவது முப்பது, வெள்ளி, காலை பதினொரு மணி. உத்தரவு வருவதானால் பிப்ரவரி இரண்டு, திங்கள் சாயங்காலத்துக்குள் வரவேண்டும். மூன்றாம் தேதி எட்டரை பஸ்ஸுக்கு ஷீனா எப்போதும்போலப் பையோடு போய் நிற்பாள், அவளுக்குத் தேதி தெரியாது.

உன் அப்பா,
ஏசுரத்தினம்