சைலன்ஸர் இல்லாத வண்டி

பரமக்குடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மாரிச்செல்விக்கு அய்யா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாய்த்தான் இருக்கிறோம், ஜெர்மனியில் நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் எனக்குச் சரியாய்ப் பிடிபடவில்லை. போனில் கேட்டால் நல்லா இருக்கேன்யா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் இந்தக் காகிதம்.

கரண்டு வண்டி வந்துவிட்டது. இனிமே டீசல் எடுக்காதீங்க, கரண்டு வண்டியே எடுங்க என்று நீதானே படித்துப் படித்துச் சொன்னாய். முந்தின வாரம் வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்தி மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். பூசாரி சூடம் காட்டித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஓரமாய் நின்று, ஸ்டார்ட் பண்ணுங்க என்றார். அமுக்கினேன், சத்தமே இல்லை. முப்பது வருஷமாய் ராமேஸ்வரம் சவாரி ஓட்டுகிறவன், அம்பாசடரில் ஆரம்பித்து டீசல் வேன் வரைக்கும் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவேன். சத்தம் இல்லையென்றால் ஓடவில்லை என்றுதானே நினைப்பேன். கியரை எதில் வைத்தேனோ தெரியாது, பூஜையில் புது வண்டியை உறுமவிடுகிற பழக்கத்தில் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்துவிட்டேன். எலுமிச்சம்பழம், தேங்காய், சூடத்தட்டு எல்லாவற்றின் மேலும் ஏறிப் போய்க் கோயில் படியில் முட்டி நின்றது. பூசாரி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடியதை உன் அம்மா இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். யாருக்கும் அடி இல்லை, வண்டிக்கு ஒரு கீறல்தான்.

இறங்கி முதல் வேலையாய்க் குனிந்து சைலன்ஸர் நசுங்கிவிட்டதா என்று பார்த்தேன். நீ அந்த சைலன்ஸர் செய்கிற கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து எந்த வண்டியைக் கண்டாலும் குனிந்து அதைப் பார்ப்பது எனக்குப் பழக்கம், என் மகள் செய்கிற சாமானாச்சே என்று சவாரிக்காரர்களிடம் பெருமை வேறு. அங்கே பைப்பே இல்லை. மெக்கானிக் சதக்கிடம், என்னப்பா சைலன்ஸர் இல்லாமக் குடுத்துட்டாய்ங்க என்றேன். புகையே வராத வண்டிக்கு அது எதுக்குண்ணே என்று அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பிள்ளை சோற்றில் நானே மண்ணைப் போட்டுவிட்டேனா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஒரே குழப்பம். செல்போனில் பார்த்தால் ஒருத்தன் பத்து வருஷத்தில் பெட்ரோல் வண்டியே இருக்காது என்கிறான், இன்னொருத்தன் அதெல்லாம் நடக்காது என்கிறான். சைனாக்காரன் பேட்டரியிலேயே உலகத்தைப் பிடித்துவிட்டான் என்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக வண்டி செய்த உங்கள் ஊர்க்காரர்களே முழிக்கிறார்களாம், அப்புறம் நான் முழிப்பதில் என்ன தப்பு. வந்து ஏறுகிறவர்களும் அப்படித்தான், ஒருவர் சத்தமில்லாமல் சொகுசாய் இருக்கிறது என்கிறார், இன்னொருவர் பாம்பன் பாலத்து நடுவில் சார்ஜ் தீர்ந்தால் கடலிலா இறங்குவது என்று கேட்கிறார். இதையெல்லாம் தெரிந்துகொண்டா என்னைக் கரண்டு வண்டி எடுக்கச் சொன்னாய்?

முன்பெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் நீ கூப்பிட்டால் பின்னால் மிஷின் சத்தம் கேட்கும், நீ கத்திப் பேசுவாய். மூன்று மாதமாய்ச் சத்தமே இல்லை, மெதுவாய்ப் பேசுகிறாய். உன் அம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. வேலை நின்றுபோய்விட்டதா, இல்லை வேறு வேலை படிக்கிறாயா, எதுவானாலும் சொல்லிவிடம்மா. கோயில் வாசலில் சத்தம் இல்லாததை வைத்து நான் நினைத்தது தப்பாய்ப் போனது. உன் விஷயத்திலும் அப்படியே தப்பாய்ப் போகட்டும் என்று தினமும் பிள்ளையாரிடம் கேட்கிறேன்.

குளிரில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே. ராமநாதசாமி உனக்குத் துணை இருப்பார். திரும்பி வருவதென்றால் தேதியை மட்டும் சொல், மதுரை ஏர்போர்ட்டுக்கு முழு சார்ஜோடு வந்து நிற்பேன். சத்தம் கேட்காது, நீதான் பார்த்து ஏறிக்கொள்ள வேண்டும்.

உன் அய்யா,
தர்மராஜ்