கயிற்றை அறுக்காத கத்தி

இன்று காலையில் உங்கள் கத்தியில் துரு கண்டேன்.

நாளைக்குக் கல்லறைத் திருநாள். மாதா சுரூபம் இருக்கும் பலகையைத் துடைக்கலாம் என்று ஸ்டூல் போட்டு ஏறினேன். சுரூபத்துக்குப் பின்னால், உங்கள் பழைய கைலித் துணியில் சுற்றி, நீங்கள் கடைசியாக வைத்தபடியே அது இருந்தது. பிரித்ததும் தேங்காய் எண்ணெயின் சிக்கு வாடை வந்தது, அதற்கு அடியில் டீசல் வாடை. நீங்கள் போய்ப் பத்து மாதமாகிறது. தலையணையில் இருந்த உங்கள் வாடை போய்விட்டது, சட்டையில் இருந்ததும் போய்விட்டது, இது மட்டும் போகவில்லை. ஸ்டூலில் நின்றபடியே அழுதேன். விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டால் தூக்கிவிட ஆள் இல்லை என்ற நினைப்பு வந்ததும் இறங்கிவிட்டேன்.

ஒருமுறை உங்களைக் கேட்டேன், நினைவிருக்கிறதா? உங்களோடு ஒரே போட்டில் தொழிலுக்குப் போன இன்னாசி கடலில் விழுந்து காணாமல் போய் ஒரு மாதம் இருக்கும். நீங்கள் அந்த போட்டை விட்டுவிட்டு வேறு போட்டுக்கு மாறியிருந்தீர்கள். சனிக்கிழமைதோறும் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து இந்தக் கத்தியைத் தீட்டி எண்ணெய் போடுவீர்கள். ஒரு வெங்காயம் அரியக்கூட எனக்குத் தர மாட்டீர்கள். "வேலையே செய்யாத கத்திக்கு எதுக்குங்க இம்புட்டுச் சீராட்டு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். நீங்கள் தலை நிமிரவில்லை. "வேலை செய்யாததுனாலதான்" என்றீர்கள். பிறகு எல்லாவற்றையும் சொன்னீர்கள். அன்றோடு உங்களைக் கிண்டல் செய்கிற பழக்கம் எனக்குப் போய்விட்டது.

நீங்கள் ஓட்டிய அந்தப் பழைய போட்டில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய கத்தி அது. மடி வலை கடலுக்குள் இழுபட்டுக்கொண்டிருக்கும்போது போட்டு சட்டென்று திரும்ப முடியாது. ஆள் விழுந்தால் கயிற்றை அறுத்து மடியைக் கடலுக்கே கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் கயிறு சுற்றும் விஞ்ச் மெஷினைப் போட்டு மடியை மேலே ஏற்றிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அன்று சாயங்காலம், வெயில் இன்னும் இருக்கும்போதே, பின்பக்கம் வேலையாக நின்ற இன்னாசி கால் வழுக்கி விழுந்தார். எத்தனையோ வருஷம் உங்களோடு ஒரே சட்டியில் சாப்பிட்டவர். நன்றாக நீந்துவார். விழுந்தவர் ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். முதலாளி அப்போதுதான் புதிதாகக் கட்டிக்கொடுத்த மடி. கத்தி உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. நீங்கள் விஞ்சைப் போடச் சொன்னீர்கள். மடி பாதி ஏறும்வரை அந்தக் கை தெரிந்தது. முழுவதும் ஏறியபோது தெரியவில்லை.

கரைக்கு வந்து நீங்களும் கூட இருந்தவர்களும் ஒரே பேச்சாகப் பேசினீர்கள். அவர் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை, திரும்பிப் பார்த்தபோது ஆள் இல்லை என்று. பாம்பனிலிருந்தும் மண்டபத்திலிருந்தும் போட்டுகள் போய்த் தேடின. உடல் கிடைக்கவில்லை.

பார்த்தவர் இல்லை என்றால் இந்தக் கரையில் அது சாவு ஆகாது. இலங்கைக்காரர்கள் தூக்கியிருக்கலாம், ஏதோ ஒரு சிறையில் பெயர் மாறிக் கிடக்கலாம் என்று பேசுவார்கள். இன்னாசியின் மனைவி ரெஜினா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அடக்கப் பூசை வைக்கலாம் என்று கேட்ட சாமியாரிடம், உயிரோடு இருக்கிறவருக்கு எதற்கு அந்தப் பூசை என்று சண்டை போட்டாள், கோவிலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். விடுதலையானவர்களைக் கொண்டுவருகிறார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், அவருடைய சட்டை ஒன்றைப் பையில் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு ஓடுவாள். இறங்கி வருகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். பிறகு ராமநாதபுரத்தில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் வருவது நம் வீட்டுக்குத்தான். நான் டீ போட்டுக் கொடுப்பேன். அவள் அந்தச் சட்டையை மடித்து மடித்துப் பையில் வைப்பாள். கடலில் அந்தக் கை எந்த நேரம்வரை தெரிந்தது என்பது முதற்கொண்டு எனக்குத் தெரியும். "கும்பிட்டுக்க ரெஜினா, வருவாரு" என்பேன்.

நீங்கள் அவளிடம் சொல்லிவிடத்தான் துடித்தீர்கள். முதல் தவக்காலத்திலேயே பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தீர்கள். முகம் தெளியும் என்று நான் காத்திருந்தேன். சோற்றைத் தொடவே இல்லை. "சாமியார் மன்னிச்சுட்டாரு. ஆண்டவரும் மன்னிச்சிருப்பாரு. ரெஜினாவுக்கு ஒண்ணுமே தெரியாதே புள்ள. அவளுக்குத் தெரியாம என்னைய யாரு மன்னிக்கிறது?" என்றீர்கள். நான் உங்கள் வாயைப் பொத்தினேன். மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். கல்யாணம் முடியட்டும் என்றேன். முடிந்ததும், அவள் முழுகாமல் இருக்கிறாள், இப்போது வேண்டாம் என்றேன். பேரன் பிறந்ததும், பால்குடிப் பிள்ளைக்காரியை அழவைக்காதீர்கள் என்றேன். எனக்கு ஒரு காரணம் தீர்ந்தால் இன்னொன்று தயாராக இருந்தது. இப்படியே இரண்டு வருஷம் ஓட்டினேன்.

வெள்ளிக்கிழமை செபக்கூட்டத்தில் முதலில் அழுகிறவளும் நான்தான். என்னை நொறுக்கும், உடைத்து உருவாக்கும் என்று கையைத் தட்டிப் பாடிவிட்டு, வரும் வழியில் மீன் பேரம் பேசி வாங்கிக்கொண்டு வருவேன். நொறுங்குவது எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனால் நன்றாகப் பாடுவேன்.

அந்த இரண்டு வருஷம் கழிந்து வந்த பெரிய வெள்ளிக்கிழமை, சிலுவையில் முத்தமிட்டு முத்தி செய்ய வரிசையில் நின்றீர்கள். பெண்கள் பக்கத்திலிருந்து நான் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் முறை வந்தது, முழங்காலிட்டீர்கள், முத்தி செய்யவில்லை. எழுந்து பக்கவாசல் வழியாக வெளியே போய்விட்டீர்கள். செருப்பைத் தேடாமல் பின்னால் ஓடிவந்தேன். அதற்குள் நீங்கள் வீட்டில் நுழைந்து கத்தியை எடுத்துக்கொண்டு ரெஜினாவின் வாசலுக்குப் போய்விட்டீர்கள். அவள் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தாள். குழாயடியில் தண்ணீர் பிடிக்க நின்றவர்கள் எல்லோரும் பார்க்க, கொதிக்கிற மணலில் முழங்காலிட்டு, கத்தியை அவள் முன்னால் வைத்தீர்கள். நடந்ததை நாலு வரியில் சொன்னீர்கள். காற்றைக் குறை சொல்லவில்லை, முதலாளியைக் குறை சொல்லவில்லை. இரண்டு வருஷமாக உங்களைத் தடுத்தவளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. "கைய தூக்குனாரா?" என்று கேட்டாள்.

"தூக்குனாரும்மா."

"உங்களப் பாத்தா தூக்குனாரு?"

"என்னையப் பாத்துத்தான்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்னாசி போன பிறகு அன்றைக்குத்தான் முதல்முதலாக அந்த வீட்டிலிருந்து ஒப்பாரிச் சத்தம் கேட்டது. அவளுடைய புருஷன் அன்றைக்குத்தான் செத்தார்.

அதன் பிறகு ஊர் உங்களைப் படுத்திய பாடு எனக்குத் தெரியும். கூட இருந்தவர்கள் தங்களைப் பொய்யர்களாக்கிவிட்டீர்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எந்த போட்டிலும் உங்களை ஏற்றவில்லை, கரையில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைப் பொத்தினீர்கள். அதைக்கூடப் பொறுத்தீர்கள். புகழ்ந்ததைத்தான் உங்களால் பொறுக்க முடியவில்லை. சாமியார் பிரசங்கத்தில் உங்களை உதாரணமாகச் சொன்னபோது பாதியில் எழுந்து போனீர்கள். அடுத்த வருஷம் பெரிய வியாழனன்று சாமியார் பாதம் கழுவிவிடும் பன்னிரண்டு பேரில் ஒருவராக உங்களை உட்காரச் சொல்லிக் கேட்டு வந்தார்கள். எனக்கு, வெட்கமில்லாமல் சொல்கிறேன், பெருமையாக இருந்தது. நீங்கள் கும்பிட்டு அனுப்பிவிட்டீர்கள். அன்று முழுவதும் கோவில் வளாகத்தைக் கூட்டினீர்கள், அதுவும் யாரும் வராத பின்பக்கத்தை.

ரெஜினா உங்களை மன்னிக்கவில்லை. எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பிவிடுவாள். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பேர் பார்க்க மண்ணில் விழுந்த மனுசனை இன்னும் எவ்வளவுதான் விழச் சொல்கிறாள் என்று உங்களிடம் கத்தினேன். நீங்கள் வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "மன்னிச்சாத்தான் ஆச்சுன்னு போய் நின்னா அதுவும் வசூல்தான். நான் சொல்லத்தான் போனேன், வாங்கப் போகல" என்றீர்கள். அப்போது அது எனக்குக் கிறுக்குத்தனமாகப் பட்டது. மன்னிப்பு வேண்டாமென்றால் எதற்கு அத்தனை பேர் முன்னால் முட்டி தேய நின்றீர்கள் என்று நினைத்தேன்.

பிறகு வயிறு வீங்கிப் படுத்தீர்கள். கடைசி வாரத்தில் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, உங்கள் கல்லறையில் உங்கள் பெயர் வேண்டாம் என்றீர்கள். "இன்னாசி பேரப் போடு. கல்லறைத் திருநாளைக்கு அவளுக்கு மெழுகுதிரி வைக்க ஒரு இடம் இல்ல." ஆகட்டும் என்று தலையாட்டினேன். சாகப்போகிறவரிடம் வேறென்ன சொல்வேன்? அடக்கத்தன்று ஊரே ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டது. ரெஜினா வரவில்லை.

பத்து மாதமாகக் கல் வெறுமையாக நிற்கிறது. மகள் போனில் அழுகிறாள். அப்பா படுத்திருக்கிற இடத்தில் அடுத்த ஆள் பெயரா, மாமியார் வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்கிறாள். சாமியாரோ, ரெஜினா சம்மதித்தால் எழுதிக்கொள் என்றுவிட்டார். நானும் இன்று நாளை என்று தள்ளினேன். இன்று காலையில் அந்தத் துருவைப் பார்த்த பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. போனேன்.

அதே வாசல், அதே கருவாடு. நீங்கள் முழங்காலிட்ட இடத்துக்குப் பக்கத்தில் நான் நின்றேன். நின்றபடியே உங்கள் ஆசையைச் சொன்னேன். உள்ளுக்குள், இவ்வளவு பெரிய காரியத்தைக் கேட்டு இவள் உருகிவிடுவாள் என்ற நினைப்பு.

அவள் கருவாட்டைத் திருப்புவதை நிறுத்தவில்லை. "எங்க வீட்டுக்காரரு கடல்ல கெடக்காரு. அவரு பேரக் கொண்டுபோயி உங்க வீட்டுக்காரரு மேல கெடத்தணுமாக்கும்? வேணாம்" என்றாள். முன்பெல்லாம் வாய் நிறைய அக்கா என்பாள். இன்று சொல்லவில்லை.

எனக்குச் சுரீரென்று ஏறியது. உனக்காக அந்த மனுசன் உருக்குலைந்து செத்தாரே, இன்னும் என்னடி வேண்டும் என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் தெரிந்தது, நான் வசூலுக்கு வந்திருக்கிறேன். அவள் திரி வைப்பதற்காக நான் வரவில்லை. அவள் வாயால் சரி என்று சொல்ல வைத்து, கணக்கை முடித்துவிட்டு, தெருவில் நிமிர்ந்து நடக்கலாம் என்று வந்திருக்கிறேன். நீங்கள் முழங்காலிட்டதை வைத்து எனக்கு நல்ல பேர் வாங்கப் போயிருக்கிறேன்.

கோவிலுக்கு வெளியே நான் எங்கேயும் முழங்காலிட்டதில்லை. இட்டேன் என்று சொல்ல முடியாது, கால் மடங்கிவிட்டது. மணல் சுட்டது. "அந்த ரெண்டு வருசமும் எனக்குத் தெரியும் ரெஜினா. அவரு சொல்லணும்னுதான் நின்னாரு. நான்தான் விடல" என்றேன். செபக்கூட்டத்தில் கொட்டுகிற கண்ணீர் ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

அவள் கை நின்றது. பிறகு, "ஒவ்வொரு தடவையும் நீங்கதான டீ போட்டுக் குடுத்தீங்க" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கருவாட்டை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். இந்த முறை கதவைச் சாத்தவில்லை. அதை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு கையிலும் தட்டு இருந்ததால் சாத்தாமல் போயிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். செபிக்க உட்கார்ந்தால் அந்த டீ டம்ளர்தான் கண்முன்னால் வருகிறது. ஆண்டவர் என்னைக் கேட்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டிருப்பேன். நீங்களும் இதே இருட்டில்தான் இருந்தீர்கள் என்றும், பக்கத்தில் படுத்திருந்த நான் பேரனுக்கு அரைஞாண் கயிறு வாங்குவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன் என்றும் இப்போது புரிகிறது.

துருவைத் தேய்த்து, எண்ணெய் போட்டு, கத்தியைச் சுற்றி வைத்துவிட்டேன். இனி சனிக்கிழமைதோறும் நான்தான் போட வேண்டும்.

நாளைக்கு ஊர் முழுவதும் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும். ரெஜினா, உண்மை தெரிந்த பிறகு வருஷாவருஷம் செய்வதுபோல, நடுவிலிருக்கும் பெரிய சிலுவையடியில் திரியை வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் போவாள். உங்கள் கல்லில் அவர் பெயரும் இருக்காது, உங்கள் பெயரும் இருக்காது. அதன் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். வெளியூர்க்காரர்கள் யாராவது நின்று, இது யார் கல்லறை என்று கேட்பார்கள். சொல்வேன். கயிற்றை அறுக்காதவருடையது என்றும், அதைப் போய்ச் சொன்னவருடையது என்றும் சொல்வேன். அவரைச் சொல்லவிடாமல் வைத்திருந்தவள் நான்தான் என்றும், கேட்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் சொல்வேன்.